நேர்முகத்துக்கு வந்த பள்ளிக்கூடம்

ஆர்டிஸ் வெஸ்டர்கார்ட் எங்கள் கல்லூரிக்கு வேலை நேர்முகத்துக்காக வந்த மார்ச் மாதப் புதன்கிழமை காலையில், அவருடைய காருக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமும் வந்தது. செங்கல் கட்டடம். நாலு வகுப்பறை, ஒரு சாப்பாட்டுக்கூடம், கூரைமேல் ஒரு மணி, வாசலில் கொடிக்கம்பம். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து, வளைவில் மெதுவாகத் திரும்பி, பெட்ரோல் பங்க் அருகே ஒரு தானிய லாரிக்கு வழிவிட்டு நின்று, பிறகு வந்தது. அன்றைக்கு வடக்கிலிருந்து நல்ல காற்று. சோள விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. கல்லூரிக் காவலாளி வருகையாளர் சீட்டு ஒன்றை ஆர்டிஸின் கார்க் கண்ணாடியிலும், இன்னொன்றைப் பள்ளிக்கூடத்தின் வாசற்கதவிலும் ஒட்டிவிட்டு, "இன்னிக்குக் குளிரு பரவால்ல" என்று சொல்லிப் போய்விட்டார். நெப்ராஸ்கா மாநிலத்தில் நாங்கள் அப்படித்தான். வீடு பற்றி எரிந்தால்கூட முதலில் வானிலையை விசாரித்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவோம்.

எங்கள் ஊர் கெட்டில் ஃபோர்க். ஊரில் சொல்லிக்கொள்கிற மாதிரி இருப்பது ஒரு தானியக் கிடங்கும் ஒரு சின்ன மாநிலக் கல்லூரியும்தான். அந்தக் கல்லூரியில் நாளைய தலைமையாசிரியர்களைத் தயார் செய்கிற படிப்பு ஒன்று உண்டு. சுற்று வட்டாரத்து வாத்தியார்களும் டீச்சர்களும் பள்ளி விட்டதும் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு, எழுபது எண்பது மைல் ஓட்டிவந்து, சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போவார்கள். அதை வெகுகாலம் நடத்திய பேராசிரியர் முட்டிவலி தாங்காமல் அரிசோனா வெயிலுக்குக் குடிபோய்விட்டார். அவர் இடத்துக்கு ஒரு வருஷம் ஆள் தேடி, ஒருவரைப் பிடித்து, ஒப்பந்தம் வரைக்கும் வந்து, மனுஷன் ஜனவரியில் மனைவியோடு வீடு பார்க்க வந்தார். அடித்த காற்றில் அந்தம்மா காரை விட்டு இறங்கவே இல்லை. அதோடு சரி. டீன் கைவிரித்துவிட்டார்: ஏப்ரல் முடிவதற்குள் ஆள் வரவில்லை என்றால் படிப்பையே மூடிவிடுவோம். ஏற்கெனவே எங்கள் பக்கத்துப் பள்ளிகள் தலையில்லாமல் தவித்துக்கொண்டிருந்தன. ஒரு ஊரில் பஸ் டிரைவர் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், பாவம், ஆனால் எதற்கெடுத்தாலும் ஹாரன் அடிக்கிற மாதிரிதான் பேசுவார்.

ஆள் தேடும் குழுவுக்குத் தலைவர் லோவெல் குச்செரா. கணக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சொல்லிக்கொடுப்பவர். சாது. கூட்டத்துக்கு வராதவரைத் தலைவராக்குவது எங்கள் கல்லூரி வழக்கம். குழு அமைத்த அன்றைக்கு லோவெல் பல் பிடுங்கப் போயிருந்தார். வந்த விண்ணப்பங்களைச் சலித்துச் சலித்துக் கடைசியில் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் டென்வர் பக்கத்து ஆள், பளபளவென்று இருப்பார், முந்தின வாரமே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். இன்னொருவர் ஆர்டிஸ். ஐம்பத்தெட்டு வயது, நரைத்த குட்டை முடி, தைத்துத் தைத்துப் போட்ட கம்பளிக் கோட்டு, காற்றில் அசையாமல் நிற்கிற கால்கள். பின்னால் பள்ளிக்கூடம்.

ஆள் எடுப்பதில் எங்கள் நாட்டில் ஒரு சட்டம் உண்டு. வந்தவரிடம் வயசு கேட்கக் கூடாது. கல்யாணம் ஆயிற்றா, பிள்ளைகள் எத்தனை, எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள், உடம்புக்கு ஏதாவது உண்டா, எதுவும் கேட்கக் கூடாது. அதாவது, நாலு மனுஷர்கள் சந்தித்தால் முதலில் வாயில் வருகிற கேள்வி அத்தனையும் தடை. இதைக் காவல் காப்பவர் ஆள்சேர்ப்பு அலுவலகத்து டார்லா ஃபிங்க். தடை செய்த கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்து, யாரெல்லாம் வேட்பாளரைச் சந்திக்கப் போகிறார்களோ அவர்கள் கையில் எல்லாம் திணித்துவிடுவார். அன்று காலையில் லோவெல் மூச்சிரைக்க அவரிடம் ஓடினார்.

"டார்லா, வெளியில பாத்தியா?"

"பாத்தேன்."

"அது என்னன்னு ஒரு வார்த்த கேக்கலாமா?"

டார்லா தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "ஒருத்தர் பின்னாடி எது வருதுங்கிறது அவங்க சொந்த விஷயம். புருஷன் வந்தா கேப்பீங்களா? நாய் வந்தா கேப்பீங்களா?"

"நாய் வந்தா கேப்பேன்."

"கேக்கக் கூடாது. அவங்களா வாயத் தொறந்தா பேசிக்கோங்க. அதுவரைக்கும் மூச்!"

அந்தப் பள்ளிக்கூடம் எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நீங்கள் ஏன் காத்திருக்க வேண்டும், இப்போதே சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் பிளம் ரிட்ஜ். வடக்கே, பெயரளவுக்கு ஊர் என்று சொல்லத்தக்க ஓர் இடத்தில் இருந்தது. ஆர்டிஸ் அதில் பத்தொன்பது வருஷம் தலைமையாசிரியர். பண்ணைகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகப் பெரிதாகப் பிள்ளைகள் குறைந்தார்கள். கடைசியில் ஒரு வகுப்பில் ஒரே ஒரு பையன், அவனும் அவன் டீச்சரும் எதிரெதிராக உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகக் குழு ஓட்டுப் போட்டு, பள்ளியை மூடிவிட்டது. கடைசி நாளில் ஆர்டிஸ் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார், பூட்டினார், சாவியைக் கொடுத்தார், வீட்டுக்கு வந்தார். சாயங்காலம் கொடியில் துணி எடுக்கப் போனால், துணிக்குப் பின்னால் பள்ளிக்கூடம் நிற்கிறது. அவர் அலறவில்லை. "வந்துட்டியா?" என்று கேட்டார். உள்ளே போய் ஒரு விளக்கைப் போட்டுவிட்டு வந்தார், இருட்டில் அது பயப்படுமே என்று.

பிறகு அந்த அம்மாள் ஐம்பது வயதில் மாநிலத் தலைநகர் லிங்கனுக்குப் போய் முனைவர் பட்டத்துக்குப் படித்தார். பள்ளிக்கூடமும் போனது, நகரத்து எல்லையில் ஒரு சோயா வயலில் அத்தனை வருஷமும் நின்றது. பட்டம் வாங்கிக்கொண்டு கான்சாஸில் ஒரு கல்லூரி, அயோவாவில் ஒன்று, தெற்கு டகோட்டாவில் இரண்டு என்று நேர்முகம் போனார். எல்லா இடத்திலும் ஒரு டார்லா இருந்தாள், ஒரு தாள் இருந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. நன்றாகச் சிரித்தார்கள், கை குலுக்கினார்கள், பிறகு வேறு பொருத்தமான ஆளை எடுத்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டார்கள். லிங்கனை விட்ட பிறகு எந்த ஊரும் அந்தக் கட்டடத்தை ரொம்ப நாள் நிற்கவும் விடவில்லை. வடிகால் அடைக்கிறது, பார்வை மறைக்கிறது என்று யாராவது வந்துவிடுவார்கள். ஒவ்வொரு பயணத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. ஊஞ்சல் அயோவாவில் விழுந்தது. பிளாட் ஆற்றுப் பாலத்தில் புகைபோக்கி போயிற்று. எங்கள் ஊருக்கு வரும்போது கிழக்குச் சுவர் வயிறு தள்ளியிருந்தது, உத்தரம் முனகிக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் தினம் காலையில் அதைச் சுற்றிவந்து சுவரைத் தடவிப் பார்ப்பார். இனி ஒரு நீளப் பயணத்தை அது தாங்காது என்று அவருக்குத் தெரியும். இந்த ஊர் வைத்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் போகிற வழியில் அது இடிந்து விழும். அந்தக் கலக்கத்தோடுதான் வந்திருந்தார்.

அதை வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டார். டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறிய வம்சம். யாரும் கேட்காமல் தன் சுமையை அடுத்தவன் மேஜைமேல் இறக்கிவைக்கக் கூடாது என்று வளர்ந்தவர். புருஷன் செத்ததைக்கூட, ஏன் ஒரு தட்டுதான் வைத்திருக்கிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்ட பிறகுதான் சொன்னாராம். ஆகவே அவர் நாங்கள் கேட்பதற்காகக் காத்திருந்தார், நாங்கள் அவர் சொல்வதற்காகக் காத்திருந்தோம். இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை. நடுவில் ஒரு பள்ளிக்கூடம் விரிசல் விட்டுக்கொண்டிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் வழக்கம்போல வேட்பாளரை மாட்டிறைச்சி ஸ்டேக் கடைக்கு அழைத்துப் போனார்கள். பள்ளிக்கூடமும் நடந்து வந்து ஜன்னலை ஒட்டி நின்றுகொண்டது. வெளியே வெயில் இருக்கும்போதே கடைக்குள் இருட்டிவிட்டது. பரிமாறுகிற பெண் ஒன்றும் பேசாமல் விளக்குகளைப் போட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் முழுப் பள்ளிக்கூடத்தையே வானிலைப் பேச்சில் மறைத்தோம். போன வருஷப் பனி, இந்த வருஷப் பனி, பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு வந்த கேடு, ஆலங்கட்டி மழையில் யார் வீட்டுக் கூரை போயிற்று என்று ஒன்று விடவில்லை. கூரை என்று சொன்னதும் சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு செங்கல் தொப்பென்று விழுந்தது. மேஜையில் அத்தனை பேரும் அவரவர் தட்டை ஆராய்ந்தார்கள். ஆர்டிஸின் முள்கரண்டி பாதியில் நின்றது.

"காத்து அதிகம்" என்றார் லோவெல்.

"ஆமா, காத்துதான்" என்றார் ஆர்டிஸ். அதற்குப் பிறகு லோவெலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழன் மதியம் அரங்கத்தில் ஆர்டிஸின் ஆராய்ச்சி உரை. சும்மா சொல்லக்கூடாது, படு மோசம். நாலு ஊரில் தோற்ற பயத்தில் யாருக்கும் வலிக்காத பொருளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்: நிர்வாகப் பாணிகளும் தேர்வு மதிப்பெண்களும். வரைபடத்துக்கு மேல் வரைபடம். டென்வர்க்காரர் மலை உச்சியின் படத்தைப் போட்டு, தலைமை என்பது ஒரு பயணம் என்று முழங்கி, டீனைக் கைதட்ட வைத்துவிட்டுப் போயிருந்தார். இங்கே டீன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்டுக் கொதிக்கிற சில்லி, கூடவே பட்டைத்தூள் தூவிய இனிப்பு ரோல். எங்கள் மாநிலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன எவனுக்கும் அந்த ஜோடி எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. அது பள்ளிச் சாப்பாடு. அரங்கத்தில் இருந்த பெரிய மனுஷர்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சினார்கள். டீனின் வயிறு சத்தம் போட்டது. வாசனை எங்கிருந்து வருகிறது என்று ஒருவருக்கும் சந்தேகமில்லை, ஒருவரும் வாயைத் திறக்கவுமில்லை. ஆர்டிஸ் அடுத்த வரைபடத்துக்குப் போனார்.

கடைசிச் சந்திப்பு மாணவர்களோடு. பள்ளி விட்டு நேராக வந்திருந்த டீச்சர்கள், வாத்தியார்கள், சாக்பீஸ் தூள் படிந்த கைகள். அவர்களுக்கும் தாள் கொடுத்தாகிவிட்டது. பின்வரிசையில் டார்லா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை கட்டுரை எழுத வேண்டும், வகுப்பு எந்தக் கிழமை என்று உப்புச்சப்பில்லாத கேள்விகளாக வந்தன. பிறகு யெசீனியா பாரெதெஸ் எழுந்தாள். முப்பது வயது, அறிவியல் டீச்சர். அவள் அப்பா இறைச்சித் தொழிற்சாலை வேலைக்காக எங்கள் பக்கம் வந்தவர். தலைமையாசிரியர் ஓடிப்போன ஒரு சின்னப் பள்ளியை வருஷ நடுவிலிருந்து அவள்தான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், எங்க ஸ்கூல மே மாசத்தோட மூடுறாங்க. ஓட்டுப் போட்டாச்சு" என்றாள். "பட்ஜெட் எப்படிப் போடணும், டீச்சர எப்படி மதிப்பிடணும், எல்லாம் இங்க படிச்சேன். மூடுற அன்னிக்கு என்ன செய்யணும்னு மட்டும் எந்தப் பாடத்துலயும் இல்ல. சின்னதுங்க வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு நாளைக்கு எங்க போகணும்னு கேக்குதுங்க. நான் என்ன செய்யட்டும்?"

ஆர்டிஸ் கணினியை மூடினார். ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடம் நெருங்கி நின்றிருந்தது.

"நான் செஞ்சதச் செய்யாதம்மா" என்றார். "பிள்ளைங்கள மத்தியானமே அனுப்பிட்டேன். நாலு பேரு முன்னாடி அழுதுடுவேனோன்னு பயம். விழா வேணாம், பேச்சு வேணாம், கேக்கு வேணாம்னேன். பிரின்சிபால்னா கல்லு மாதிரி நிக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருந்தாங்க. பூட்டினேன், வந்துட்டேன். யாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லல. இதுகிட்டயும் சொல்லல." கட்டைவிரலால் முதுகுப் பக்கம் காட்டினார். "அதுக்கு என்ன தெரியும்? பாவம், எம் பின்னாடியே வந்துடுச்சு."

அத்தனை தலைகளும் டார்லா பக்கம் திரும்பின. டார்லா தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டு மூடினார். "அவங்களாதான் ஆரம்பிச்சாங்க. ம், கேளுங்க."

அடேயப்பா, மடை உடைந்த மாதிரி! மேடு ஏறுமா? ஏறும், மெதுவா. பாலம்? பாலம்னா பயப்படும். ராத்திரி தூங்குமா? எங்க தூங்குது, கதவு கதவா தட்டிக்கிட்டே கெடக்கும். சில்லி யாரு வெக்கிறா? தெரியல, வியாழக்கிழமைன்னா அடுப்புல இருக்கும். ஒரு கால்பந்துப் பயிற்சியாளர், எருமை மாதிரி இருப்பார், கையைத் தூக்கி, ஒரு தடவ உள்ள போய்ப் பாக்கலாமா மேடம், என்று ஒன்றாம் வகுப்புப் பையன் குரலில் கேட்டார். எல்லாம் ஓய்ந்த பிறகு லோவெல் கேட்டார்:

"அதுக்கு வலிக்குதா?"

ஆர்டிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. பிறகு எல்லோருமாக வெளியே போய், பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, சாப்பாட்டுக்கூடத்தில் வரிசையில் நின்று, சில்லியை வாங்கிச் சாப்பிட்டார்கள். இனிப்பு ரோலைச் சில்லியில் முக்கித் தின்பதா, தனியே தின்பதா என்று எப்போதும் வருகிற சண்டையும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆர்டிஸ் கிளம்பிவிட்டார். அதுதான் வழக்கம்; வேட்பாளர் ஊருக்குப் போய்விட வேண்டும், இரண்டு மூன்று வாரம் கழித்துத் தகவல் போகும். அவரும் இது ஐந்தாவது ஊர் என்று நினைத்தபடிதான் போனார். குழு கூடியது. மதிப்பெண்படி டென்வர்க்காரர் மேலே. டீனுக்கு இன்னொரு குறையும் இருந்தது: கட்டடம் நின்ற இடத்தில் பதினோரு கார்கள் நிறுத்தலாம். கல்லூரியில் கடவுளைப் பழித்தாலும் பொறுப்பார்கள், பார்க்கிங்கில் கைவைத்தால் பொறுக்க மாட்டார்கள்.

"நாம ஆள எடுக்கிறோமா, கட்டடத்த எடுக்கிறோமா?" என்று கேட்டார் டீன்.

இருபது வருஷத்தில் ஒரு கூட்டத்திலும் குரலை உயர்த்தாத லோவெல் எழுந்து நின்றுவிட்டார். "நம்மகிட்ட படிக்கிறவங்க வேலை பாக்கப்போற ஸ்கூல்ல பாதி இன்னும் பத்து வருஷத்துல இருக்காது. இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மலை ஏறச் சொல்லிக் குடுக்க ஆயிரம் பேரு இருக்கான். இங்க மலை எங்க இருக்கு? நம்ம பிள்ளைங்க ஸ்கூலுக்குப் பூட்டுப் போடப் போறாங்க. அத எப்படிச் செய்யிறதுன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்தம்மாவுக்கும் தெரியாது. ஆனா அது தெரியாம என்ன ஆச்சோ, அத அந்தம்மா மட்டும்தான் கூடவே கூட்டிக்கிட்டுத் திரியிறாங்க."

சொல்லிவிட்டு, தான் பேசியதற்குத் தானே பயந்து உட்கார்ந்துகொண்டார். ஓட்டெடுப்பில் கை ஒவ்வொன்றாக மேலே போனது. டீன் கையெழுத்துப் போட்டார். லோவெல் போன் செய்தார். ஆர்டிஸ் போகிற வழியெல்லாம் மணற்குன்று, அந்தப் பக்கம் போன் எங்கே எடுக்கிறது? இரண்டு வாரம் காத்திருக்க அவருக்குப் பொறுக்கவில்லை. பிக்கப்பை எடுத்தார். வாய்மொழியாகச் சொல்வதானால் அலுவலகத்து ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று டார்லாவும் ஏறிக்கொண்டார்.

முதல் செங்கல் பத்தாவது மைலில் கிடந்தது. பிறகு இரண்டு, பிறகு ஒரு ஜன்னல் சட்டம், பிறகு சாலையோரப் புல்லில் ஒரு கரும்பலகைத் துண்டு. லோவெல் வண்டியை இன்னும் விரட்டினார். டார்லா இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பது மைல் தாண்டியதும் ஆர்டிஸின் கார் ஓரமாக நின்றிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், மேய்ச்சல் நிலத்தில், பள்ளிக்கூடம் முன்பக்கம் மடிந்து, பசு படுக்கப் போகும்போது முட்டி போடுமே, அப்படி இருந்தது. கூரை இன்னும் விழவில்லை. ஆர்டிஸ் வாசற்படியில் உட்கார்ந்து சுவரில் கையை வைத்திருந்தார்.

"வேலை உங்களுக்குத்தான்" என்றார் லோவெல், மூச்சு வாங்க. "ரெண்டு பேருக்கும் எடம் இருக்கு. வாங்க, திரும்பிப் போவோம்."

ஆர்டிஸ் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. "இதால முடியாது லோவெல். இனி ஓரடி எடுத்து வெக்காது. இத இப்படியே விட்டுட்டு வந்து நான் எந்த முகத்தோட பாடம் எடுப்பேன்? ஒரு தடவ விட்டது போதாதா?"

வேலை கிடைத்தும் கைக்கு எட்டாமல் போகிறதே என்று லோவெலுக்கே அழுகை வந்தது. காற்று அடித்துக்கொண்டிருந்தது. டார்லாதான் பேசினார்.

"அப்ப இந்தத் தடவ ஒழுங்கா மூடிட்டு வாங்களேன்."

"எப்படின்னு எனக்குத் தெரியாதும்மா."

"அதக் கத்துக்கத்தான் ஒரு வகுப்பே காத்துக்கிட்டிருக்கு. கூப்பிடுங்க. எல்லாருமாச் சேந்து யோசிங்க."

அதற்குள் நிலத்துக்காரக் கிழவர் குதிரையில் வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தை ஏற இறங்கப் பார்த்தார். "மழை வரும்போல இருக்கு" என்றார் முதலில். பிறகு, "இது இங்கயேவா இருக்கப் போகுது?" என்று கேட்டார். ஆமாம், முடியவில்லை அதற்கு, என்றார்கள். "ம். கன்னுக்குட்டிங்க பனிக்கு உள்ள ஒதுங்கினா யாரும் கோவிச்சுக்க மாட்டீங்களே?" கோவித்துக்கொள்ள மாட்டோம் என்றார் ஆர்டிஸ். நில விவகாரம் அத்தோடு முடிந்தது.

பள்ளிகள் விட்டதும் பிக்கப் வண்டிகள் வரத் தொடங்கின. மாணவர்கள் வந்தார்கள். செய்தி எப்படிப் போயிற்றோ, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பிளம் ரிட்ஜில் படித்தவர்களும் வந்துவிட்டார்கள், வளர்ந்து, தாடி வைத்து, பிள்ளை குட்டிகளோடு. யெசீனியா வழியில் மளிகைக் கடையில் பெரிய கேக் ஒன்று வாங்கிவந்தாள். மூடுவதற்கென்று எழுதின கேக் எந்தக் கடையில் இருக்கிறது? "வாழ்த்துகள்" என்று இருந்ததை வழித்துவிட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு அறையாகப் போய்த் துடைத்தார்கள். பாக்கியிருந்த கரும்பலகைகளில் அவரவர் பெயரை எழுதி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவரவரே அழித்தார்கள். கொடியை இறக்கி மடித்தார்கள். பிறகு ஆர்டிஸ் வாசற்படியில் நின்று, பத்தொன்பது வருஷத்துப் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரையும் மனப்பாடமாகச் சொல்லி வருகைப் பதிவு எடுத்தார். வந்திருந்தவர்கள் "இருக்கேன்" என்றார்கள். வராதவர்களுக்கும், இனி வர முடியாதவர்களுக்கும், காலியான வகுப்பறைகளுக்குள்ளிருந்து சின்னக் குரல்கள் "இருக்கேன்" என்றன. எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது, ஒன்று விடவில்லை.

ஆர்டிஸ் அழுதார். நாலு பேர் முன்னால், நாற்பது பேர் முன்னால், மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதார். கால்பந்துப் பயிற்சியாளரும் கூடச் சேர்ந்துகொண்டார். அழுது முடித்துவிட்டு, அந்த அம்மாள் கதவுச் சட்டத்தில் நெற்றியை வைத்துச் சொன்னார்:

"முடிஞ்சுதுடா கண்ணு. பிள்ளைங்க எல்லாரும் வீடு போய்ச் சேந்துட்டாங்க. நீ நல்லா நடத்தினே. அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும், சொல்லல, தப்புதான். இனி நீ எங்கயும் வர வேணாம். உக்காரு."

பள்ளிக்கூடம் உட்கார்ந்தது. ஒரு சாண் ஆழம் மணலில் இறங்கியது. உத்தரங்கள் எல்லாம் உஸ்ஸென்று மூச்சுவிட்டன. கிழக்குச் சுவரின் வீக்கம் வற்றியது. ஆர்டிஸ் கதவைச் சாத்தினார், பூட்டவில்லை, கன்றுக்குட்டிகள் இருக்கின்றனவே. காரில் ஏறி கெட்டில் ஃபோர்க்குக்கு ஓட்டினார். லோவெல் தன் வண்டியை வேண்டுமென்றே வெகு தூரம் பின்னால் விட்டு ஓட்டினார், அந்த அம்மாள் கண்ணாடியில் பார்த்தால் வெறும் சாலை தெரியட்டும் என்று. பார்த்தாராம். ஊர் வந்து சேர்கிறவரை பார்த்துக்கொண்டே வந்தாராம்.

அதன் பிறகு ஆர்டிஸ் பதினோரு வருஷம் எங்கள் கல்லூரியில் பாடம் நடத்தினார். அந்தப் படிப்பு பிழைத்தது. பஸ் டிரைவர் நிம்மதியாகப் பஸ்ஸுக்குத் திரும்பினார். மூடுவதற்கென்று ஒரு பருவம் முழுக்கப் பாடம் வைத்தார் ஆர்டிஸ். எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு மூடிய பள்ளிகள் எதுவும் எழுந்து நடக்கவில்லை. முதலில் மூடியது யெசீனியாவின் பள்ளிதான், அந்த மே மாதமே. பெயர் கூப்பிட்டு, கேக் வெட்டி, எல்லோர் முன்னாலும் அழுது, ஒவ்வொரு பிள்ளையிடமும் அது நாளைக்குப் போகப்போகிற இடத்தைச் சொல்லி, கட்டடத்திடமும் சொல்லி, ஒரு குறையில்லாமல் செய்தாள். மறுநாள் காலையில் ஆர்டிஸுக்குப் போன் வந்தது.

"மேடம், எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். ஆனாலும் காலைல வீட்டுக் கதவத் தொறந்தா வாசல்ல ஒரு நாற்காலி நிக்குது."

"எந்த சைஸு?"

"ஒண்ணாங்கிளாஸ் சைஸு."

"அது வரும்மா" என்றார் ஆர்டிஸ். "அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. உள்ள கூட்டிக்கோ."

யெசீனியா கூட்டிக்கொண்டாள். இப்போது எங்கள் பக்கத்துத் தலைமையாசிரியர்கள் பல பேர் வீட்டில் அப்படி ஒரு சின்ன நாற்காலி இருக்கிறது. சாப்பிடுகிற நேரத்தில் அது தானாக வந்து மேஜையருகே நின்றுகொள்ளும். வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு உட்காருவார்கள்.